பாக்கியத்துக்கு எழுதிய ஓய்வு

எங்கள் தீவின் காத்ர் போர்ன் ஊரில் நான் மாத்திரை வாங்கப் போகும் சுகாதார நிலையத்துக்குப் போன மாதம் ஒரு புதுக் கருவி வந்திருக்கிறது. விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு துளி ரத்தத்தைச் சிறு பட்டையில் தடவி உள்ளே செருகினால், கொஞ்ச நேரத்தில் சர்க்கரையின் அளவு எண்ணாக வந்துவிடுகிறது. அதைக் கையாளும் நர்ஸ் சின்னப் பெண். நானும் அதே வேலையில் இருந்தவன் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

"தோன்தோன், உங்க காலத்துல இதையெல்லாம் எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டாள். எங்கள் ஊரில் வயதானவர்களை மாமா என்ற பொருளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மூத்திரத்தைக் காய்ச்சிப் பாத்தோம்" என்றேன்.

சிரித்தாள். அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டாள். எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. மீதியைச் சொல்ல அங்கே நேரமில்லை. வீட்டில் கேட்பதற்கு ஆளில்லை. அதனால் எழுதுகிறேன். கோவில் வகுப்பில் அப்பா கற்றுக்கொடுத்த தமிழில் எழுதுகிறேன். இதில் வருகிறவர்கள் பேசியது தீவின் பேச்சுமொழியான கிரியோல். அதை எனக்கு வருகிற தமிழில் தருகிறேன்.

என் பெயர் சுப்பையா. அரசு மருத்துவத் துறையில் ஆண் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவன். பிறந்தது தெற்கே ஒரு கரும்புத் தோட்ட முகாமில். 1937-ல் தோட்டங்களில் கலவரம் மூண்டபோது அப்பா வேலைநிறுத்தக்காரர்களோடு நின்றார். கல் எறியவில்லை, கோஷம் போடவில்லை, நின்றார், அவ்வளவுதான். கலவரம் அடங்கியதும் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். முகாமில் அறை என்பது வேலைக்காரனுக்குக் கொடுப்பது. வேலை இல்லையென்றால் அறை இல்லை. பாத்திரங்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே தேர் ரூஜில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனோம். நான் வளர்ந்தது அங்கேதான்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யுத்தம் முடிந்த சமயம் போர் லூயி ஆஸ்பத்திரியில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். படுக்கை விரிப்பை மடிப்பில்லாமல் இழுத்துக் கட்டவும், ஒருவர் செத்துவிட்டாரா என்று அவசரப்படாமல் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். பிறகு பல இடங்களுக்கு மாற்றல். கல்யாணம் நடக்கவில்லை. பெரிய காரணம் ஏதுமில்லை. முதலில் தங்கைகள், அப்புறம் மாற்றல்கள், அப்புறம் பழக்கம். ஐம்பதுகளின் நடுவில் தெற்கே ரிவியேர் தே ஸாங்கீய் ஊரின் அரசு மருந்தகத்துக்கு வந்தபோது முப்பதைத் தாண்டியிருந்தேன்.

மருந்தகத்துக்குப் பின்னால் எனக்கு இரண்டு அறைக் குடியிருப்பு. முன்னால் மருந்தறையில் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு குளிர்ப்பெட்டி. இன்சுலின் புட்டிகள் அதில் இருந்தன. சர்க்கரை நோய்க்காரர்களில் கடைக்காரர், ஆலை உத்தியோகஸ்தர், பள்ளி ஆசிரியர் வீடுகளில் ஊசி போட ஆள் உண்டு, மருந்தை வைக்க இடமும் உண்டு. முகாம்களில் இரண்டும் இல்லை. தகரக் கூரைக்கடியில் வெயில் ஏறினால் மருந்து கெட்டுவிடும். ஆகவே அவர்கள் வயலுக்குக் கிளம்புவதற்கு முன், விடியும்போதே, நான் சைக்கிளில் புறப்பட வேண்டும். இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்குக் கரும்பு. எதிரே யாரும் வரமாட்டார்கள். காற்றில் கரும்புத் தோகை உரசுகிற சத்தமும் என் சங்கிலிச் சத்தமும்தான். சில நாள் முதல் வீட்டுக் கதவைத் தட்டிப் பேசும்போது என் குரலே எனக்குப் புதிதாக இருக்கும்.

அந்தக் காலத்து ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குழலும் இரும்பு ஊசியும் தினமும் கொதிநீரில் வெந்து எழும். ஊசிமுனை மழுங்கினால் எண்ணெய்க் கல்லில் சாய்த்துத் தேய்ப்போம். பிறகு பஞ்சின் மேல் இழுத்துப் பார்ப்போம். ஒரு இழை சிக்கினாலும் அது இன்னும் கிழிக்கும் என்று பொருள். மறுபடி கல்லுக்குப் போகும். மூத்திரப் பரிசோதனைக்கு ஒரு நீலத் திரவம். சோதனைக் குழாயில் அதை ஊற்றி, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். நீலம் மாறாமல் இருந்தால் நல்லது. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, கடைசியில் செங்கல் நிறம். முகாமில் யாரும் அளவு கேட்க மாட்டார்கள். "இன்னைக்கு என்ன கலர், மிஸ்யே?" என்றுதான் கேட்பார்கள். மிஸ்யே என்றால் ஐயா.

எங்கள் டாக்டர் பெயர் லெமேர். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலைநாட்டுப் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து காரில் வருவார். ஒல்லியான, கொஞ்சம் கூன் விழுந்த மனிதர். வந்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொள்வார். மற்ற டாக்டர்கள் நின்றுகொண்டு பேசுவார்கள். இவர் நோயாளிக்குப் பக்கத்தில் அதே பெஞ்சில் உட்காருவார். நாடியைப் பிடித்தபடி வேறெங்கோ பார்ப்பார். "வலிக்கிறதா?" என்று இவர் கேட்டு நான் கேட்டதில்லை. எல்லோரிடமும் ஒரே கேள்வி:

"போன மாசம் செய்ய முடிஞ்சு, இந்த மாசம் முடியாமப் போனது எது?"

சிலர் விழிப்பார்கள். அவர் காத்திருப்பார். சொல்லும்வரை நாடியிலிருந்து கையை எடுக்க மாட்டார்.

துறையிலிருந்து ஒருமுறை சர்க்கரை நோய்க்காரர்களுக்கு உணவுமுறைத் தாள்கள் அச்சாகி வந்தன. சோறு குறைக்கவும், வாட்டிய மீன், முட்டை, காலையில் ஓர் ஆப்பிள். டாக்டர் ஒன்றைப் படித்துவிட்டு என்னிடம் கேட்டார், "சுப்பையா, இந்த ஊருக்கு ஆப்பிள் எப்போ வரும்?" "கிறிஸ்துமஸுக்கு, தோக்தேர்" என்றேன். தாள்களை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். அதன் பிறகு நோயாளிகளிடம் நேற்று என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு, அதிலிருந்தே எதைக் குறைக்கலாம் என்று சொல்லத் தொடங்கினார்.

என் காலைச் சுற்றில் கடைசி வீடு பாக்கியத்தின் அறை. களை எடுக்கும் கூட்டத்தில் வேலை. நாற்பதை நெருங்கிய விதவை, பிள்ளைகள் இல்லை. அவளுக்கு ஊசி போட்டதும் சீனி போடாத தேநீர் ஒரு தகரக் குவளையில் கொடுப்பாள். கதவருகே நின்று குடிப்பேன். அதிகம் பேச மாட்டோம். மழை வருமா என்று அவள் கேட்பாள். சிர்தார் என்று நாங்கள் சொல்லும் மேஸ்திரி நேற்று யாரை வைதான் என்று சொல்வாள். கோவிலில் பாடுகிற தமிழ்ப் பாட்டுகள் அவளுக்கு மனப்பாடம், அர்த்தம் தெரியாது. எப்போதாவது ஒரு வரியைச் சொல்லி அர்த்தம் கேட்பாள். அந்தச் சுற்றில் என்னிடம் மருந்தைத் தவிர வேறு ஏதாவது கேட்ட ஆள் அவள் ஒருத்திதான்.

1959-ல் கரும்பு வெட்டுக் காலம் தொடங்கிய சமயம் அவள் முகம் சாம்பல் பூத்ததுபோல் இருந்தது. கேட்டால் தூக்கம் சரியில்லை என்றாள். டாக்டர் வரும் நாளில் கட்டாயப்படுத்தி மருந்தகத்துக்கு வரவழைத்தேன். டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்டார்.

"தண்ணி" என்றாள். "போன மாசம் குழாயிலேருந்து ரெண்டு வாளி தூக்கிட்டு வருவேன். இப்போ ஒண்ணுதான். அதையும் நடுவழியில இறக்கி வெக்கணும்."

"இறக்கி வெச்சா என்ன ஆகும்?"

"மூச்சு திரும்பி வரும், தோக்தேர்."

டாக்டர் கையை எடுத்தார். மறுநாளே அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரச் சொன்னார். இதயத்தின் ஓட்டத்தைத் தாளில் வரையும் கருவி அப்போதுதான் அங்கே வந்திருந்தது. பஸ்ஸில் கூட்டிப் போனேன். திரைக்குப் பின்னால் படுக்க வைத்து, மணிக்கட்டிலும் கணுக்காலிலும் பசை தடவி, உலோகத் தகடுகளை வாரால் கட்டினேன்.

"கரண்ட் வெப்பாங்களா, மிஸ்யே?"

"இல்ல. உங்க உடம்புல இருக்கிற கரண்ட்டத்தான் இது எழுதும்."

"எனக்குள்ள கரண்ட் இருந்தா முகாம்ல ஏன் மண்ணெண்ணெய் விளக்கு?" என்றாள். பயத்தில்தான் அப்படிப் பேசினாள்.

தாள் நாடாவாக ஓடி வந்தது. டாக்டர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"உங்க இதயத்துல ஒரு பக்கத்துக்கு ரத்தம் போகாம, அந்த இடம் பழுதாயிடுச்சு. நாலு வாரத்துக்குள்ள நடந்திருக்கு. அந்தப் புண் ஆறணும். ஆறு வாரம் படுக்கையில இருக்கணும். எழுந்திருக்கவே கூடாது."

"எனக்கு வலிக்கவே இல்லையே, தோக்தேர்."

"சீனி வியாதி ரொம்ப நாள் இருக்கிறவங்களுக்குச் சில சமயம் வலி தெரியறதில்ல. நான் பாத்திருக்கேன்."

அவள் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "வலிக்காத நோவுக்குச் சிர்தார்கிட்ட எப்படி லீவு கேக்கிறது?" என்றாள்.

அவள் ஆஸ்பத்திரியில் தங்க மறுத்துவிட்டாள். வெட்டுக் காலத்தில் ஆறு வாரம் வேலைக்கு வராதவளின் அறையில் வேறு ஆளைக் குடிவைப்பார்கள். அது அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அந்தத் தோட்டத்து ஆலையில் தலைமைக் கணக்கர் கஸ்தோன். ஐம்பத்தைந்து வயதுக்காரர், நல்ல மனிதர். அவருக்கும் நெடுநாளாகச் சர்க்கரை நோய். பாக்கியத்துக்குத் தாள் எடுத்ததற்குச் சில நாள் முன்பு அலுவலகப் படியேறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். ஆலைக் காரில் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் அதே கருவியில் பார்த்தார்கள். அதே நோய். அவரைப் பங்களாவில் படுக்க வைத்தார் டாக்டர். தினமும் நான் போய்ப் பார்த்து ஊசி போட வேண்டும் என்பது உத்தரவு. முகத்தைத் தானே மழித்துக்கொள்ளக்கூட அவருக்கு அனுமதி இல்லை; மனைவி மழித்துவிடுவார். கஞ்சியைக் கரண்டியால் ஊட்டுவார். ஜன்னலுக்கு மெல்லிய திரை, பக்கத்தில் வானொலி. பாக்கியம் ஒரு வாளித் தண்ணீரை நடுவழியில் இறக்கி வைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு நேரே இந்த அறைக்குள் வருவேன். அவர்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவருக்கு நடப்பதுதான் சரியான வைத்தியம். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மற்றது எனக்குத் தாங்கவில்லை.

டாக்டர் லெமேர் தோட்ட நிர்வாகியை நேரில் பார்க்கப் போனார். என்னையும் அழைத்துக்கொண்டார். நிர்வாகி மரியாதையாகக் காப்பி வரவழைத்தார். டாக்டர் உட்கார்ந்தார், நான் கதவருகே நின்றேன்.

"ஆறு வாரம் அந்தப் பெண்ணின் அறையை வைத்திருங்கள்" என்றார் டாக்டர்.

"ஒருத்திக்கு வைத்தால் எல்லோருக்கும் வைக்க வேண்டும், டாக்டர். அறைகள் வேலை செய்கிறவர்களுக்கு."

"கஸ்தோன் படுத்திருக்கிற பங்களாவும் தோட்டத்துடையதுதானே?"

"ஆமாம்."

"அவரும் வேலை செய்யவில்லையே."

நிர்வாகி கோபப்படவில்லை. குழந்தைக்கு விளக்குவதுபோலச் சொன்னார்: "அவர் மாதச் சம்பளக்காரர், டாக்டர். அவள் தினக்கூலி."

டாக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டார். மருந்தகத்து வாசலில் என்னை இறக்கிவிட்டு, "நான் எழுதிக்கொடுப்பதில் பாதி, மருந்துக்கடையில் கிடைக்காது, சுப்பையா" என்றார்.

மறுநாள் காலை ஊசி போட்டுவிட்டுத் தேநீர்க் குவளையை வாங்கினேன். குடிக்காமல் நின்றேன்.

"என் குடியிருப்புல ரெண்டு அறை இருக்கு, பாக்கியம். நீங்க அங்க வந்து இருக்கலாம்."

"எப்படி வந்து இருக்கிறது?"

"கல்யாணம் பண்ணிக்கிட்டு."

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கரும்புத் தோகையால் தீயைத் தூண்டினாள். பிறகு சொன்னாள்:

"தோக்தேர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாருன்னு கேக்குறீங்க."

"அதுக்காகவும்தான்."

"அப்படின்னா வேணாம், மிஸ்யே. வீட்டுக்காரர் செத்த பிறகு என் கையால வேலை செஞ்சு வெச்சிருக்கிற அறை இது. நோவுன்னு சொல்லி உங்க வீட்டுக்கு வந்தா, என்னைக்காவது உங்களுக்குப் பிடிக்காமப் போச்சுன்னா வெளிய போகணும். அதுவும் இன்னொரு தோட்டம்தானே."

தேநீரைக் குடித்தேன். குவளையைக் கொடுத்தேன். அன்று திரும்பும் வழி மிக நீளமாக இருந்தது. ஆனால் மறுநாளும் போனேன். ஊசி போட வேண்டுமே. அவளும் எப்போதும்போல் மழை வருமா என்று கேட்டாள்.

வழி வேறு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு காலை கஸ்தோன், "உன் முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார். சொன்னேன். கல்யாணப் பேச்சைச் சொல்லவில்லை, மற்றதைச் சொன்னேன்.

"எனக்கு வந்ததே அவங்களுக்குமா?"

"அதேதான், மிஸ்யே."

"அவங்க எங்க படுத்திருக்காங்க?"

"படுக்கல. களை எடுக்கிறாங்க."

அந்த ஞாயிற்றுக்கிழமை நிர்வாகி நலம் விசாரிக்க வந்தபோது கஸ்தோன் அவளுக்காகக் கேட்டிருக்கிறார். ஆறு வாரம் கிடைக்கவில்லை. ஆனால் பாக்கியத்தை வயலிலிருந்து எடுத்து, ஆலையில் கிழிந்த சாக்குகளைத் தைக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். உட்கார்ந்து செய்கிற வேலை. அறையும் நிலைத்தது. தண்ணீரை அடுத்த அறைப் பெண்கள் முறை வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். டாக்டர் கேட்டு நடக்காதது கட்டிலில் படுத்திருந்தவர் கேட்டு நடந்தது. நன்றி இருந்தது எனக்கு. அதோடு வாயில் ஒரு கசப்பும் இருந்தது.

ஏனென்றால் என் சுற்றில் கோவிந்தன் என்று ஒருவர் இருந்தார். கரும்பு வெட்டுகிறவர், ஐந்து பிள்ளைகள். அவருக்கும் அதே மூச்சு, அதே சாம்பல் முகம். டாக்டர் பார்த்து அதே ஆறு வாரத்தைச் சொன்னார். நான் மறுபடி கஸ்தோனிடம் போய் நின்றேன். "சுப்பையா, ஒருமுறை கேக்கலாம். ரெண்டாவது முறை கேட்டா, முதல்ல கொடுத்ததையும் பிடுங்கிடுவாங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வெட்டுக் காலம் முடியும் முன் கோவிந்தன் கரும்புக் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. வலிக்கிறது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. என்னை அழைத்துப் போனபோது வெட்டுக்கத்தி இன்னும் கையில் இருந்தது. அதை நான்தான் விரல்களைப் பிரித்து எடுத்தேன். அந்த மாதமே அவர் குடும்பம் அறையைக் காலி செய்தது. எங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியாது.

1960 பெப்ரவரி கடைசியில் கரோல் புயல் வந்தது. எங்கள் தீவில் அந்த வயதுக்காரர் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். காற்று அடித்தது, நடுவில் நின்றது, வானம் தெளிந்தது, ஓய்ந்துவிட்டது என்று ஆட்கள் வெளியே வந்தார்கள். பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து மறுபடி அடித்தது. அது முடிந்து நான் முகாமுக்குப் போனபோது, எந்த அறை எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. தகரங்கள் கரும்பு வயலில் மடங்கிக் கிடந்தன. கரும்பு முழுவதும் தரையோடு படிந்து, ஆண்டுக்கணக்கில் நான் பார்க்காத கடல் தூரத்தில் தெரிந்தது.

ஆட்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். பாக்கியம் ஒரு வகுப்பறை மூலையில், ஈரப் பாய்மேல் உட்கார்ந்திருந்தாள். ஊசி போட்டேன். தேநீர் இல்லை. நான் பெட்டியை மூடும்போது அவள் கேட்டாள்:

"அன்னைக்குக் கேட்டீங்களே. அது இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"ரெஸ்டுக்காக இல்லையே?"

"இல்ல. தனியாச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துப்போச்சு" என்றேன்.

"எனக்கும்தான்" என்றாள்.

கூரை போன கோவிலில், தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு நால்வர் நிற்க, கல்யாணம் நடந்தது. கஸ்தோன் கைத்தடியோடு வந்திருந்தார். டாக்டர் லெமேர் அவளுக்கு ஒரு சாய்வு நாற்காலி கொடுத்தார். "இது மருந்துச் சீட்டு" என்றார்.

இன்னும் ஓராண்டு இருந்தால் அதிகம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அவள் எட்டு ஆண்டு இருந்தாள். நான் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. முன்பு போட்ட அதே இன்சுலின்தான், அதே அளவுதான். சோற்றைக் குறைத்து மீனும் கீரையும் சாப்பிட முடிந்தது. தண்ணீர்க் குழாய் சமையலறைக்குள் இருந்தது. களைப்பாக இருந்தால் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம். என் அனுபவத்தில் நான் கண்டுபிடித்த மருத்துவம் என்று ஒன்று உண்டென்றால் அதுதான். அதை எந்தப் புட்டியிலும் அடைத்து மற்ற வீடுகளுக்கு எடுத்துப் போக என்னால் முடியவில்லை.

பதவி உயர்வோடு மாற்றல் வந்தபோது வேண்டாம் என்றேன். மாலைகளில் கோவில் பாட்டுகளுக்கு அர்த்தம் சொல்வேன். "இவ்வளவு நாளும் இதையா பாடிக்கிட்டிருந்தேன்?" என்பாள். என்னைக் கடைசிவரை மிஸ்யே என்றுதான் கூப்பிட்டாள்.

சுதந்திரத்துக்கு முந்திய ஆண்டுகளில் பலர் தீவை விட்டுப் போனார்கள். டாக்டர் லெமேரின் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருந்தார்கள், அவரும் போனார். போகும்முன் வந்து எங்கள் வீட்டில் சீனி இல்லாத தேநீர் குடித்தார். பாக்கியத்தின் நாடியை நெடுநேரம் பிடித்திருந்தார். எதுவும் கேட்கவில்லை.

அவர் போன மறு ஆண்டு அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. சாய்வு நாற்காலியிலேயே தூங்கினாள். புதிதாக வந்த இளம் டாக்டர் மார்பில் குழலை வைத்து, "வலி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றாள். நீர் இறங்க ஊசி எழுதினார், இதயத்துக்கு மாத்திரை எழுதினார். வாசலில் நூறு பேர் காத்திருந்தார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுதியது சரியான மருந்துதான். ஆனால் அவளால் எது முடிகிறது, எது முடியவில்லை என்று கேட்க, என்னைத் தவிர யாரும் இல்லை. எனக்கு அது கேட்காமலே தெரிந்தது.

1968 ஜனவரியில் ஒரு பிற்பகல், நாற்காலியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் முன்பக்கம் மருந்தறையில் இருந்தேன். வந்து பார்த்தபோது கிண்ணம் மடியில் சாயாமல் இருந்தது. ஒருவர் செத்துவிட்டாரா என்று அவசரப்படாமல் பார்க்க எனக்குப் பயிற்சி உண்டு. அன்று நெடுநேரம் பார்த்தேன்.

மார்ச்சில் சுதந்திரம் வந்தது. அன்று எல்லாவற்றுக்கும் விடுமுறை. சர்க்கரை நோய்க்கு விடுமுறை கிடையாது. காலையில் சைக்கிளை எடுத்தேன். புயலுக்குப் பிறகு அரசாங்கம் கட்டிய கான்கிரீட் வீடுகளில் இருந்தவர்கள் வாசலில் புதுக் கொடி கட்டியிருந்தார்கள். வீடு வீடாக ஊசி போட்டேன். பிள்ளைகள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஓடினார்கள். ஒரு வீட்டில் என்னை உட்காரச் சொன்னார்கள். இன்னும் இரண்டு வீடு இருக்கிறது என்று சொல்லிக் கிளம்பினேன்.

அந்த வாரம் புதிதாக ஒரு பெண் சுற்றில் சேர்ந்திருந்தாள். கரும்பு வயலில் வேலை, இளவயது. ஊசி என்றால் பயம். மருந்து வண்டி இன்னும் வரவில்லை. குளிர்ப்பெட்டியில் பாக்கியத்தின் புட்டி பாதிக்கு மேல் இருந்தது. இரண்டு மாதமாக அதைத் தள்ளி வைத்துவிட்டு மற்றவற்றை எடுத்துக்கொண்டிருந்தேன். அன்று அதை எடுத்தேன். உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, தக்கையைத் துடைத்து, அந்தப் பெண்ணுக்குரிய அளவை இழுத்தேன்.

"வலிக்குமா, மிஸ்யே?" என்றாள்.

"ஊசிமுனையைப் பாத்துத்தான் கொண்டுவந்திருக்கேன்" என்றேன்.

அந்தப் புட்டி அவளுக்குச் சில வாரம் வந்தது. கடைசிச் சொட்டைப் போட்ட காலையில் மருந்தகத்துக்குத் திரும்பி, காலிப் புட்டியைக் கொதிநீரில் கழுவி மற்றவற்றோடு கவிழ்த்து வைத்தேன். பிறகு காத்ர் போர்னுக்கு மாற்றல் கேட்டு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். காரணம் என்ற இடத்தில், வீட்டில் வேறு யாரும் இல்லை என்று எழுதினேன்.